உறுதி யார் பெயரில்? சங்கத்தின் இணையத்தளத்தை அமைக்க ஒருவரைத் தெரிவு செய்தல்

எமது கிராமங்களில் இயங்கும் சங்கங்களிடம் இன்று வெளியார் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று, "உங்களுக்கு இணையத்தளம் இருக்கிறதா?" என்பதாகும். நிதி உதவி வழங்கும் நிறுவனங்கள் பலவற்றின் விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருக்கிறது. பனையோலைப் பெட்டிகளை மொத்தமாக வாங்க விரும்பும் கொழும்பு வியாபாரி, பேச்சை ஆரம்பிக்கும் முன்னரே அதனைத் தேடிப் பார்க்கிறார். புலம்பெயர்ந்து வாழும் ஊரவரும் உதவி அனுப்புமுன் அதனையே பார்க்கின்றனர். எனவே மாதர் சங்கங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள், சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் என்பன தமக்கும் ஓர் இணையத்தளம் வேண்டும் எனத் தீர்மானிக்கின்றன.

சிறிய சங்கங்களுக்கு இந்த வேலையைப் பெரும்பாலும் பெரிய கம்பனிகள் செய்வதில்லை. நகரத்தில் ஒரு சிறு அறையிலோ தமது வீட்டிலோ இருந்துகொண்டு, எவரிடமும் மாதச் சம்பளம் பெறாமல், வேலைக்கு வேலை கூலி பேசித் தொழில் செய்யும் இளைஞரோ யுவதியோதான் செய்கின்றனர். அவர்களுள் திறமையும் நேர்மையும் உடையோர் பலர். ஆனால் அத்தகையவர் யார் என்பதை எப்படி அறிவது? "எங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியாது, தெரிந்தவர்கள் பார்த்துச் செய்யட்டும்" என்று கூறிச் செயற்குழு ஒதுங்கிவிடுவது வழக்கம். பின்னாளில் வரும் தொல்லைகள் பல இந்த ஒதுங்கலில் இருந்துதான் தொடங்குகின்றன.

பொது மண்டபம் ஒன்றைக் கட்டுவதற்கு மேசன் ஒருவரைத் தேடும்போது எமது செயற்குழுவில் எவரும் கட்டடக் கலை படித்தவராக இருப்பதில்லை. எனினும் அவர் முன்னர் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்க்கிறோம். இரண்டு மாரி கழிந்தும் சுவர் வெடிக்காமல் நிற்கிறதா எனப் பார்க்கிறோம். வீட்டுக்காரரிடம் "ஆள் எப்படி?" என்று விசாரிக்கிறோம். கூலியைப் பகுதி பகுதியாகக் கொடுக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, காணி உறுதியை மேசனின் பெயரில் எழுதுவதில்லை. இணையத்தள விடயத்திலும் இதே விவேகம் போதுமானது. கணினி தெரியாத செயற்குழுவும் தகுந்த ஆளைத் தெரிவு செய்ய முடியும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காணி, வாடகை இடம், வீடு

ஓர் இணையத்தளத்தில் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. இவற்றை வேறுபடுத்தி விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவது, தளத்தின் பெயர். 'டொமெயின்' என்று வடிவமைப்பாளர்கள் சொல்வது இதனைத்தான். இது காணி உறுதி போன்றது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: கட்டணம் செலுத்திக் குறித்த காலத்தில் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். இலங்கைக்குரிய 'எல்.கே.' என முடியும் பெயர்கள் 1990ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படுகின்றன. அவற்றை எல்.கே. டொமெயின் பதிவகம் நிர்வகித்து வருகிறது. 2010ஆம் ஆண்டில் '.இலங்கை' எனத் தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் வழி பிறந்தது. 'கொம்', 'ஓர்க்' என முடியும் பெயர்கள் உலகப் பொதுவானவை.

இரண்டாவது, தளம் குடியிருக்கும் இடம். எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் சிறிது இடத்தை வாடகைக்குப் பெறுவதே 'ஹோஸ்டிங்' எனப்படுவது. மூன்றாவது, அந்த இடத்தில் அமைக்கப்படும் பக்கங்கள். இதுவே வீடு.

வடிவமைப்பாளர் கட்டித் தருவது மூன்றாவதை மட்டுமே. ஆயினும் பல சந்தர்ப்பங்களில் முதல் இரண்டையும் அவரே தமது பெயரில், தமது மின்னஞ்சல் முகவரியில் பதிந்துவிடுகிறார். இதற்கு எப்போதும் கெட்ட எண்ணம் காரணம் அல்ல. வெளிநாட்டுக் கம்பனிக்குப் பணம் செலுத்தும் கடனட்டை அவரிடம் இருக்கிறது. இருவர் ஒப்பமிட்டுக் காசோலையில் பணம் கொடுக்கும் எமது சங்கத்திடம் அது இல்லை. வேலை விரைவாக முடியட்டும் என்று எல்லோரும் சம்மதித்துவிடுகின்றனர். பின்னர் அவர் வெளிநாடு போகலாம். வேறு தொழிலுக்கு மாறலாம். சங்கத்துடன் மனக்கசப்பு ஏற்படலாம். அன்று சங்கத்தின் பெயர் சங்கத்திடம் இராது.

புதுப்பிக்கத் தவறுவது சிறியவர்களுக்கு மட்டும் நேர்வது அன்று. 1999 டிசம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனம், 'பாஸ்போர்ட்' என்ற தனது தளப் பெயருக்குரிய 35 டொலர் கட்டணத்தைச் செலுத்தத் தவறியது. ஹொட்மெயில் பாவனையாளர் பலர் தமது மின்னஞ்சல்களைத் திறக்க முடியாமற் தவித்தனர். நத்தார் காலத்தில் வெளியார் ஒருவர் தமது கடனட்டையால் அத்தொகையைச் செலுத்திய பின்னரே நிலைமை சீரானது. அத்தகைய நிறுவனத்திற்கே இப்படி நேருமாயின், எமது சங்கங்கள் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

'கொம்', 'ஓர்க்' போன்ற பெயர்கள் காலாவதியானால், சில நாட்கள் வரை வழமையான கட்டணத்துடன் புதுப்பிக்கப் பதிவு செய்த கம்பனி இடந்தரலாம். அதன் பின்னர் 30 நாட்களுக்குள் மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதுவும் கடந்தால் 5 நாட்களின் பின் உலகில் எவரும் அப்பெயரை வாங்கலாம். இப்படிக் கைவிடப்படும் பெயர்களுக்காகக் காத்திருந்து வாங்கி, சூதாட்ட விளம்பரங்களையும் ஆபாசப் படங்களையும் போடுவோர் உளர். சங்கத்தின் கடிதத் தலைப்பிலும், பழைய அறிக்கைகளிலும், உதவி வழங்கியோரின் ஆவணங்களிலும் அச்சிட்டிருக்கும் அதே முகவரி அங்கே கொண்டுபோய் விடும். இருபது வருடம் உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயர் ஒரு நாளில் கெடுவதற்கு இது போதும்.

முதலில் எமது தேவை என்ன?

கோபுரம் கட்டப் புறப்பட்டவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்ற உவமையை நாம் அறிவோம். வடிவமைப்பாளரைத் தேடுமுன் செயற்குழு ஒரு மாலைப்பொழுது கூடியிருந்து ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ளட்டும். இத்தளத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்த்தபின் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? எந்த மொழிகளில் இருக்க வேண்டும்? ஒவ்வொரு வருடமும் இதற்காக எவ்வளவு செலவிட எம்மால் முடியும்?

அங்கத்தவர்களுக்குக் கூட்டத் திகதியை அறிவிப்பது மட்டுமே நோக்கமாயின், வட்ஸ்அப் குழு ஒன்றே போதும், இணையத்தளம் தேவையில்லை. அயலூர்களில் பொருட்களை விற்பதுதான் எண்ணமென்றால், பேஸ்புக் பக்கம் ஒன்றுடன் ஆரம்பித்துப் பார்க்கலாம். அதற்கும் திறப்பு யாரிடம் என்ற கேள்வி உண்டு என்பதை மறக்கலாகாது. சங்கத்தின் வரலாறு, பதிவு இலக்கம், ஆண்டறிக்கைகள், உற்பத்திப் பொருட்கள் ஆகியவற்றை வெளியார் எந்நேரமும் நம்பிக்கையுடன் பார்க்க வேண்டும் என்ற நிலை வரும்போதே தளம் பயன் தரும். அப்போதும் ஐந்தாறு பக்கங்கள் பெரும்பாலும் போதுமானவை.

ஆண்டுச் செலவைப் பற்றிச் சிந்திப்பது மிக அவசியம். ஹோஸ்டிங் கட்டணங்கள் பல டொலரில் அறவிடப்படுகின்றன. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேலாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. டொலர் கட்டணம் ஒரு சதமேனும் கூடாமலே, ரூபாவில் செலவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. ரூபாவில், வங்கி வைப்பு மூலம் பணம் பெற்றுக்கொள்ளும் உள்நாட்டு நிறுவனங்களும் உள்ளன. கடனட்டை இல்லாத சங்கங்களுக்கு அவையே வசதியானவை.

ஆளைத் தேடுதலும் விசாரித்தலும்

குறைந்தது மூன்று பேரிடம் விலைமனுப் பெறுவது நல்லது. அயலில் உள்ள பாடசாலை, வேறு பங்கில் இயங்கும் சங்கம், நகரத்துச் சிறு வியாபாரி ஆகியோரிடம் "உங்கள் தளத்தைச் செய்தவர் யார்?" எனக் கேட்டால் பெயர்கள் கிடைக்கும். பல்கலைக்கழகங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கற்று வெளியேறிய இளைஞர் பலர் எமது பிரதேசங்களிலேயே இருக்கின்றனர். 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இத்தகைய நிலையங்களுள் ஒன்று. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழ் அவர் படித்ததைக் காட்டும்; நம்பத்தகுந்தவரா என்பதைக் காட்டாது. அதற்கு அவர் செய்த வேலையையும் செய்வித்தவர்களையுமே பார்க்க வேண்டும்.

ஒவ்வொருவரிடமும் அவர் முன்னர் செய்த மூன்று தளங்களின் முகவரிகளைக் கேளுங்கள். அவற்றுள் ஒன்றாவது இரண்டு வருடத்திற்கு மேற்பட்டதாக இருக்கட்டும். புதிய வீடு எல்லாமே அழகுதான். மாரி கழிந்த பின் எப்படி என்பதே கேள்வி. அந்தத் தளங்களை அவருடைய மடிக்கணினியில் அவர் காட்டப் பார்க்க வேண்டாம். எமது அங்கத்தவர் ஒருவரின் விலை குறைந்த கைத்தொலைபேசியில், சமிக்ஞை குறைந்த இடத்தில் நின்று திறந்து பாருங்கள். பக்கம் வர எவ்வளவு நேரம் செல்கிறது? எழுத்தை விரலால் பெருப்பிக்காமல் வாசிக்க முடிகிறதா? தொலைபேசி இலக்கத்தைத் தொட்டால் அழைப்புப் போகிறதா? கடைசிச் செய்தி எந்த ஆண்டுக்குரியது?

தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று பல மெகாபைட் அளவினதாக இருக்கும். அதனைச் சில நூறு கிலோபைட்டாகக் குறைத்துப் போட்டாலும் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. குறைக்காமல் அப்படியே போடுபவர், எமது மக்களின் டேட்டாக் காசைப் பற்றிச் சிந்திக்காதவர் எனலாம். அதுபோல முகவரிக்கு முன்னால் 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வருகிறதா எனவும் கவனியுங்கள். 2018ஆம் ஆண்டிலிருந்து குரோம் உலாவி இந்த எச்சரிக்கையைக் காட்டி வருகிறது. அதற்குரிய சான்றிதழை 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற இலாப நோக்கற்ற சேவை 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இலவசமாக வழங்குகிறது. இதற்கெனப் பெருந்தொகை கேட்பவரிடம் காரணம் கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்து, அத்தளங்களின் உரிமையாளர் இருவரிடமாவது நேரில் அல்லது தொலைபேசியில் பேசுங்கள். கேட்க வேண்டியவை மிகச் சில: சொன்ன தவணையில் முடித்தாரா? பேசிய தொகைக்கு மேல் கேட்டாரா? வேலை முடிந்தபின் அழைத்தால் தொலைபேசியை எடுக்கிறாரா? தளத்தின் பெயரும் கடவுச்சொற்களும் உங்களிடம் உள்ளனவா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் அவரிடம்தான்" என்று பதில் வந்தால், எமக்கும் அதுவே நடக்கும் என எதிர்பார்க்கலாம்.

"கூகிளில் உங்கள் சங்கத்தை முதலிடத்தில் வரச் செய்வேன்" என உறுதி கூறுபவரையிட்டு எச்சரிக்கையாயிருங்கள். அவ்வாறு எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது எனக் கூகிள் நிறுவனமே தனது வழிகாட்டலில் கூறுகிறது.

தமிழுக்கு ஒரு பரிசோதனை

எமது சங்கங்களுக்கே உரிய ஒரு சிக்கல் தமிழ் எழுத்துப் பற்றியது. நீண்ட காலமாக எமது அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வந்துள்ளோம். பாமினியில் அடித்த எழுத்து, கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு உள்ள கணினியில் மட்டும் அது தமிழாகத் தோன்றும். அதை அப்படியே இணையத்தளத்தில் இட்டால், பிறருடைய தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகவே வரும். இதைத் தவிர்ப்பதற்காகச் சில வடிவமைப்பாளர்கள் தமிழ்ப் பந்திகளைப் படமாக்கி ஒட்டிவிடுகின்றனர். பார்வைக்கு அது சரியாக இருக்கும். ஆனால் சொற்களைத் தேடிக் கண்டுபிடித்தல் கடினமாகும். கண்பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்புக் கருவிக்கும் அது எட்டாது.

வேண்டியது யுனிகோட் தமிழ். 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலிருந்தே யுனிகோடில் தமிழுக்கு இடமுண்டு. இன்றைய தொலைபேசிகள் எல்லாம் அதனையே பயன்படுத்துகின்றன. பரிசோதிக்கும் வழி எளிது. அவர் முன்னர் செய்த தமிழ்ப் பக்கத்தில் ஒரு வரியைப் பிரதி செய்து, வட்ஸ்அப் செய்தியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யுனிகோட். ஆங்கில எழுத்துக்களாக வந்தாலோ, பிரதி செய்யவே முடியாவிட்டாலோ அவருக்குத் தமிழில் வேலை செய்த பழக்கம் போதாது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனித்தனியே பிரிந்து நிற்கின்றனவா என்றும் பாருங்கள். பழைய பாமினி அறிக்கைகளை யுனிகோடுக்கு மாற்றித் தருவது யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மாற்றும் மென்பொருள்கள் உள்ளன. ஆனால் மாற்றிய பின் ஒருவர் இருந்து பிழை திருத்தியே ஆக வேண்டும்.

நேர்காணலும் புள்ளியிடலும்

மூவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள். தலைவர் மட்டுமல்ல, பொருளாளரும் இளம் அங்கத்தவர் ஒருவரும் உடனிருக்கட்டும். கீழ்க்கண்ட கேள்விகளை மூவரிடமும் ஒரே விதமாகக் கேளுங்கள்:

1. பெயரும் ஹோஸ்டிங்கும் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதியப்படும்?
2. எந்த மென்பொருளைப் பயன்படுத்துவீர்கள்? நீங்கள் இல்லாவிட்டால் வேறொருவர் தொடர முடியுமா?
3. ஒரு செய்தியையும் படத்தையும் நாங்களே ஏற்ற முடியுமா? அதனைக் கற்றுத் தருவீர்களா?
4. மென்பொருளைப் புதுப்பிப்பதும் பிரதி எடுத்து வைப்பதும் யார் வேலை? அதற்குக் கட்டணம் என்ன?
5. இரண்டாம் வருடத்திலிருந்து எமக்கு வரும் செலவுகள் எவை?

இரண்டாவது கேள்வி முக்கியமானது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த வேர்ட்பிரஸ் போன்ற இலவசத் திறந்த மென்பொருளில் அமைத்தால், அதனை அறிந்தோர் எங்கும் கிடைப்பர். தாமே எழுதிய, தமக்கு மட்டுமே விளங்கும் முறையில் அமைத்தால் நாம் அவரிலேயே தங்கியிருக்க நேரும். ஆனால் எந்த மென்பொருளும் ஓட்டுக் கூரை போன்றதே. இடைக்கிடை பார்த்து மாற்றாவிட்டால் ஒழுகும். புதுப்பிக்காத தளங்களுக்குள் புகுந்து நாசம் செய்வோர் உண்டு. விலைக்கு விற்கப்படும் வடிவமைப்புக்களைக் களவாகப் பெற்றுப் பயன்படுத்துவோரும் உளர். அவற்றினுள்ளே தீங்கான நிரல்கள் மறைந்திருப்பதுண்டு. எனவே அவர் பயன்படுத்துவது முறையாகப் பெறப்பட்டதா எனக் கேளுங்கள்.

பேச்சின் கவர்ச்சியில் தீர்மானம் சாய்ந்துவிடாமல் இருக்க, நூற்றுக்குப் புள்ளியிடலாம். பழைய வேலைக்கு 25, முன்னைய வாடிக்கையாளரின் சாட்சிக்கு 25, உரிமைகளை எமக்கே ஒப்படைக்கும் தெளிவுக்கு 20, தமிழுக்கு 15, விலைக்கு 15 என வைத்துக்கொள்ளலாம். விலைக்குக் குறைந்த புள்ளியிடுவது காசை அலட்சியம் செய்வதற்காக அல்ல. மிகக் குறைந்த விலைக்குச் செய்து, ஆறு மாதத்தில் கைவிடப்பட்ட தளத்தைத் திரும்பக் கட்டும் செலவே எல்லாவற்றிலும் பெரியது என்பதற்காகவே.

இருவர் சமநிலையில் இருந்தால், ஒரே ஒரு பக்கத்தை மாதிரியாகச் செய்து தருமாறு இருவரிடமும் கேட்கலாம். அதற்குச் சிறு கூலி கொடுத்துவிடுங்கள். இளைஞரின் உழைப்பை இலவசமாகப் பெற்றுப் பின் "உங்களைத் தெரிவு செய்யவில்லை" என்பது நீதியன்று.

உறவும் இலவசமும்

"எங்கட தங்கச்சியின்ர மகன் கொம்பியூட்டர் படிக்கிறான், காசில்லாமல் செய்து தருவான்" என்று செயற்குழுவில் ஒருவர் சொல்வது எமது ஊர்களில் இயல்பே. அந்தப் பிள்ளையின் தொண்டு மனம் பாராட்டத்தக்கது. ஆயினும் இலவச வேலைக்குத் தவணை கேட்க முடியாது. குறை சொன்னால் குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வரும். பிள்ளை வெளிநாடு போனால் கடவுச்சொல்லும் விமானம் ஏறிவிடும். உறவினர்தான் மிகத் தகுந்தவர் என்றால் அவரையே அமர்த்தலாம். ஆனால் நியாயமான கூலியும் எழுத்து மூல ஒப்பந்தமும் இருக்கட்டும். உறவுமுறையுள்ள செயற்குழு அங்கத்தவர் அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகியிருக்கட்டும். அவ்வாறு விலகியமை கூட்டறிக்கையில் பதியப்படட்டும்.

இரண்டு தாளில் ஓர் ஒப்பந்தம்

ஒப்பந்தம் நீளமாக இருக்க வேண்டியதில்லை; இரு தரப்பினருக்கும் விளங்கும் தமிழில் இரண்டு தாள் போதும். எத்தனை பக்கங்கள், எந்த மொழிகள், எந்தத் திகதிக்குள், எத்தனை முறை திருத்தம், எழுத்தும் படமும் யார் தருவது, மொத்தக் கூலி எவ்வளவு என்பன அதில் இருக்க வேண்டும். தளத்தின் பெயர், வடிவம், எழுத்து, படங்கள் யாவும் முழுக் கூலியும் கொடுக்கப்பட்டபின் சங்கத்துக்கே உரியன என ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் செய்யப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் உடன்பாடு செல்லாது எனக் கூற முடியாது. எனவே இடையில் பேசிக்கொள்ளும் மாற்றங்களை மின்னஞ்சலிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூலியை மூன்றாகப் பிரிக்கலாம். ஒப்பமிடும்போது நூற்றுக்கு 30, மாதிரித் தளத்தைத் தொலைபேசியில் பார்த்து அங்கீகரித்தபின் 40, ஒப்படைப்பு முழுமையடைந்தபின் 30. பெயருக்கும் ஹோஸ்டிங்குக்குமான பணத்தைச் சங்கமே நேரடியாகச் செலுத்துவது சிறந்தது. அவர் மூலம் செலுத்த நேர்ந்தால், கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். பற்றுச்சீட்டும் சங்கத்தின் பெயரிலேயே வரட்டும்.

இதற்கென ஒரு தனி மின்னஞ்சல் முகவரியைச் சங்கம் வைத்திருத்தல் வேண்டும். செயலாளரின் சொந்த முகவரி வேண்டாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் செயலாளர் மாறலாம். சங்கத்தின் தளப் பெயரிலேயே அமைந்த மின்னஞ்சலும் இதற்கு வேண்டாம். பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். புதுப்பிக்குமாறு வரும் அறிவித்தலும் கைக்கு எட்டாது. கடவுச்சொல்லோடு, தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் இன்று பல சேவைகள் கேட்கின்றன. அந்தத் தொலைபேசி யாருடையது என்பதும் கவனிக்க வேண்டியது. வடிவமைப்பாளரின் தொலைபேசியாயின், கடவுச்சொல் எம்மிடம் இருந்தும் கதவு திறவாது.

மக்களின் முகங்களும் விபரங்களும்

தளத்துக்கு "நல்ல படங்கள்" வேண்டுமென வடிவமைப்பாளர் கேட்பார். கணவனை இழந்த பெண்கள், அங்கவீனமுற்றோர், சிறுவர் ஆகியோரின் படங்களைப் பெயருடனும் ஊருடனும் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். உதவி பெறுவதற்காக ஒரு தாய் தன் கதையைச் சொன்னாள் என்பது, அக்கதையை உலகமெல்லாம் வாசிக்க அவள் சம்மதித்தாள் என்றாகாது. படமெடுக்க மட்டுமல்ல, இணையத்தில் இடுவதற்கும் அவளிடம் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். பின்னர் வேண்டாம் என்றால் எடுத்துவிடவும் வேண்டும். தனித்து வாழும் பெண்ணின் வீடு எங்கே என்பதை ஊரறியாத ஒருவருக்குக் காட்டிக்கொடுப்பது அவளுக்கு ஆபத்தாக முடியலாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடயத்தில் எமது நாடு எடுத்து வைத்த முக்கிய அடியாகும். பிறருடைய விபரங்களைச் சேர்த்து வைத்திருப்போர் அவற்றுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் என்பதே அதன் அடிப்படை. எனவே அங்கத்தவர் பட்டியல், அடையாள அட்டை இலக்கங்கள், கடன் நிலுவைகள், வங்கிக் கணக்குகள் என்பவற்றை வடிவமைப்பாளரிடம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. "இருக்கட்டும், பின்னர் உதவும்" எனக் கேட்பவருக்கும் கொடுக்கலாகாது.

செய்பவருக்கும் நீதி வேண்டும்

குறை எப்போதும் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. தருவதாகச் சொன்ன கட்டுரைகளையும் படங்களையும் மாதக்கணக்கில் கொடுக்காமல், "தளம் இன்னும் வரவில்லை" எனக் குறைப்படும் சங்கங்களும் உண்டு. தலைவர் நீல நிறம் கேட்க, செயலாளர் பச்சை கேட்க, இடையில் அகப்பட்டுத் தவிக்கும் இளைஞரும் உண்டு. சங்கத்தின் சார்பில் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்குத் தனியே கூலி கொடுங்கள். வேலை முடிந்த அன்றே மிகுதிப் பணத்தைக் கொடுங்கள். மாதச் சம்பளமோ ஊழியர் சேமலாப நிதியோ இல்லாமற் தனித்து உழைக்கும் அவருக்குத் தாமதமான கூலி, மறுக்கப்பட்ட கூலிக்கு ஒப்பானது. கூலியாளின் கூலியை நிறுத்தி வைக்கலாகாது என்ற விவிலியப் போதனை வயலில் வேலை செய்பவருக்கு மட்டும் உரியதன்று.

ஒப்படைக்கும் நாள்

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் ஓர் ஒத்திகை நடத்துங்கள். வடிவமைப்பாளர் எதையும் தொடாமல் அமர்ந்திருக்கட்டும். சங்கத்தின் இளம் அங்கத்தவர் ஒருவர், சங்கத்தின் கணினியிலோ தொலைபேசியிலோ இருந்து, பெயர்க் கணக்கிலும் ஹோஸ்டிங் கணக்கிலும் தளத்தினுள்ளும் நுழைந்து காட்டட்டும். ஒரு புதிய செய்தியையும் படத்தையும் ஏற்றட்டும். முழுத் தளத்தின் பிரதியொன்றை எடுத்துச் சங்கத்தின் பென்டிரைவில் சேமிக்கட்டும். இவை யாவும் முடிந்தால் ஒப்படைப்பு முடிந்தது. முடியாவிட்டால், தளம் எவ்வளவு அழகாயிருப்பினும் வேலை முடியவில்லை.

அதன்பின் கடவுச்சொற்களை மாற்றி, ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு மூடி, ஒப்பமிட்டு, வங்கிப் புத்தகங்களுடன் பெட்டகத்தில் வையுங்கள். தொடர்ந்து பராமரிக்க வேண்டிய வடிவமைப்பாளருக்குத் தனியான நுழைவுப் பெயர் ஒன்றைக் கொடுக்கலாம்; பிரதான திறப்பைக் கொடுக்க வேண்டியதில்லை. பெயரும் ஹோஸ்டிங்கும் காலாவதியாகும் திகதிகளைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் பதியுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கறிக்கை வாசிக்கும்போது, அத்திகதிகளையும் சேர்த்து வாசிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும்போது, இறப்பர் முத்திரையையும் காசோலைப் புத்தகத்தையும் கையளிப்பது போல, இந்த உறையையும் கையளியுங்கள்.

அங்கத்தவர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் போட்ட சிறுகாசிலிருந்தே இத்தளத்திற்குரிய செலவு வருகிறது. அது அவர்களுடைய சொத்து. "அதன் உறுதி எவர் பெயரில் உள்ளது?" என்று கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பெண் எழுந்து கேட்டால், தயங்காமற் பதில் சொல்லச் சங்கத்தால் முடிய வேண்டும்.